மாறாத கோப்பு

அந்த அலுவலகத்தில் காலையில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினால், அது சரியாக மாறியதா என்று பார்ப்பதற்குள் மதியச் சாப்பாடு முடிந்துவிடும். இரண்டு மணி ஐம்பது நிமிடம். ஏன் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அது அப்படித்தான்." புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் பதறுவார்கள். இரண்டாம் வாரம் அலுத்துக்கொள்வார்கள். மூன்றாம் வாரம் அவர்களே அடுத்து வருகிறவனிடம் "அது அப்படித்தான்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

துறைமுகங்களில் எந்தச் சரக்குப் பெட்டியை எங்கே அடுக்குவது, எதை முதலில் இறக்குவது என்று சொல்கிற மென்பொருளை அங்கே செய்தார்கள். மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் கோப்புகள். அத்தனையையும் சேர்த்து, ஓடுகிற ஒரு பொருளாக ஆக்கித் தருவதற்குப் பெயர் பில்ட். முறையாகப் பார்த்தால், ஒரு கோப்பு மாறினால் அதையும் அதை நம்பியிருக்கிற நாலைந்தையும் மட்டும் புதிதாகச் செய்தால் போதும். எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்க்கும் புத்தி அந்த பில்ட் கருவிக்கு உண்டு. ஆனால் இங்கே எதைத் தொட்டாலும் பதினோராயிரமும் முதலிலிருந்து. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான் என்பார்கள். இவர்கள் தினமும் கொளுத்தி, தினமும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

காத்திருக்கும் நேரத்துக்கு அங்கே ஒரு விதி இருந்தது. பில்ட் ஓடுகிற வரைக்கும் வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு வெளியே போனால், அது வேலையை விட்டுப் போன நேரமாகக் கணக்கில் வராது. மற்றபடி கழிப்பறைக்குப் போய் வந்த நேரத்தைக்கூட மெஷின் குறித்துக்கொள்ளும். அதனால் பில்ட் ஓட ஆரம்பித்தால் சிலர் காரில் போய்த் தூங்குவார்கள். சிலர் கேரம் ஆடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மட்டும் தினமும் சரியாகப் பத்தரை மணிக்கு பில்ட்டை ஓடவிடும் விசையைத் தட்டிவிட்டு, ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போவார். ஒன்றேகாலுக்குத் திரும்பி வருவார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்டதில்லை. அவருக்குப் 'பத்தரை சார்' என்று பெயர் வைத்ததோடு ஊர் திருப்திப்பட்டுவிட்டது.

இந்த பில்ட் இயந்திரங்களைக் கட்டி மேய்ப்பது ஒருத்தியின் வேலை. நாற்பதை நெருங்குகிறவள். 'பில்ட் அக்கா' என்றால் எல்லா மாடியிலும் தெரியும். வட்டு நிரம்பிவிட்டது, இயந்திரம் படுத்துவிட்டது என்று யாராவது வந்து நிற்பார்கள். இவள் போய் எழுப்பிவிடுவாள். ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு ஒன்பது வருடமாக நேரம் கிடைக்கவில்லை. காயலான் கடைப் பேருந்துக்கு ஓட்டுநராக இருப்பவனுக்கு அதைத் தள்ளவே நேரம் சரியாக இருக்கும்.

அவளுடைய தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு மாதத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியபோது பட்டியலில் ஐந்தாவது அவன் பெயர். மாதத்துக்கு எத்தனை பிழையைத் திருத்தி முடித்தான் என்று எண்ணிப் பார்த்ததில், அவனுடைய எண்ணிக்கைதான் கடைசியாம். அடித்தளத்தில் இருக்கும் நுணுக்கமான பகுதிதான் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை. மாற்றிப் பார், பொறுத்திரு, தப்பு, மறுபடி மாற்று என்று போகிற வேலை. ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் முயன்று பார்க்க முடியாது. அவனோ தன்மேல்தான் குறை என்று நினைத்தான். "எனக்கு மண்டையில ஏறலக்கா" என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறான்.

அறையைக் காலி செய்துவிட்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். கூடத்துச் சோபாதான் படுக்கை. காலையில் அவள் எழுவதற்கு முன்பே போர்வையை நான்காக மடித்து, தலையணையை அதன்மேல் வைத்து, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். சொந்த அக்கா வீட்டில் விருந்தாளி மாதிரி. அவள் திரும்பி வருவதற்குள் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். திரைச்சீலையை மட்டும் திறக்க மாட்டான். அவள் கணவன் நல்ல மனிதன், ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை. ஆனால் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கப் பழகிக்கொண்டான். நோயாளி இருக்கிற வீட்டில் செய்வதுபோல.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர், வழவழவென்று பேசத் தெரியாதவர். வாடிக்கையாளர்கள் தாமதம் தாமதம் என்று கத்துகிறார்கள், பில்ட்டுக்கு இவ்வளவு நேரம் ஆவது எதனால் என்று மட்டும் கண்டுபிடித்துக் கொடுங்கள், மூன்று வாரம் வேறு எந்த வேலையும் உங்களிடம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒன்பது வருடத்தில் அவளிடம் இப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதல் வாரம் முழுக்கத் தப்பான இடத்தில் தோண்டினாள். பில்ட் இயந்திரங்களில் ஒன்றின் கடிகாரம் நாற்பது விநாடி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. கருவி நேரத்தைப் பார்த்துத்தான் எது புதியது என்று முடிவு செய்கிறது, ஆகவே இதுதான் குற்றவாளி என்று நம்பி, அத்தனை கடிகாரத்தையும் ஒன்றாக்கினாள். மறுநாளும் இரண்டு மணி ஐம்பது நிமிடம். பிறகு, கட்டளைகள் ஒவ்வொரு தடவையும் வேறு வரிசையில் போகின்றனவோ என்று சந்தேகப்பட்டாள். அதுவுமில்லை. பொது வட்டிலிருந்து கோப்புகள் வருவதால் இருக்குமோ என்று எல்லாவற்றையும் தன் இயந்திரத்துக்கே கொண்டுவந்து பார்த்தாள். பதினைந்து நிமிடம் குறைந்தது, வியாதி குறையவில்லை.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். ஒவ்வொரு கோப்பையும் ஏன் புதிதாகச் செய்கிறாய் என்று கருவியையே வாய்விட்டுச் சொல்ல வைக்க ஒரு வழி உண்டு. அதைப் போட்டுவிட்டால் அது லட்சக்கணக்கான வரிகளைக் கக்கும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அவள் போட்டாள். அத்தனையையும் படிக்கப் புறப்படாமல், யாரும் பல வருடமாகத் தொடாத ஒரு பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டாள். நீ ஏன் மாறினாய்? இன்னொருவன் மாறினான், அதனால். அவன் ஏன் மாறினான்? அவனுக்கு மேலே ஒருவன் மாறினான். ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனாள். பத்தொன்பதாவது படியில் சங்கிலி நின்றது. வேறொரு கோப்பை எடுத்தாள். அதுவும் அங்கேயே போய் நின்றது. பத்துக் கோப்பு பார்த்தாள். பத்தும் அங்கேயே.

அது நாற்பது வரிகூட இல்லாத ஒரு சின்னக் கோப்பு. நிறுவனத்தின் பெயர், பொருளின் பெயர், பதிப்பு எண், வருடம். அவ்வளவுதான். பதினோராயிரம் கோப்பும் ஏதோ ஒரு வழியில் இதை நம்பியிருந்தன. பில்ட் தொடங்கியதும் முதல் வேலையாக ஒரு குட்டி நிரல் இதை எழுதி வைக்கும். அவள் நேற்று எழுதியதையும் இன்று எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே நாற்பது வரியைப் புதிதாக எழுதியதால், எழுதிய நேரம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கருவி உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை, நேரத்தை மட்டும் பார்க்கிறது. இது புதியது, ஆகவே இதை நம்பிய எல்லாம் பழையது என்று முடிவுகட்டி, ஒன்றுவிடாமல் திரும்பச் செய்கிறது.

வைத்தியம் ஐந்து வரி. எழுதுவதற்கு முன் பழையதோடு ஒப்பிட்டுப் பார், ஒன்றேயானால் கை வைக்காதே. தன் இயந்திரத்தில் அதைச் சேர்த்து, வேறெங்கோ ஒரு எழுத்தை மாற்றி, ஓட விட்டாள். ஏழு நிமிடத்தில் முடிந்தது. ஏதோ அறுந்துபோய் நின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். ஏழு நிமிடம். மூன்றாவது தடவையும் ஏழு நிமிடம் ஆனபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நினைவுக்கு வந்தான்.

சேர்த்ததை எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன்னால், அந்தக் குட்டி நிரலை இதுவரை யார் யார் தொட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவள் வழக்கம். பொதுவான வரலாற்றில் ஒன்றுமில்லை. அவரவர் தனியாக வைத்து வேலை பார்க்கும் கிளைகளிலும் தேடினாள். இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கிளையில் ஐந்து வரி சேர்ந்திருந்தது. அவளுடைய அதே ஐந்து வரி. மாறிகளின் பெயர்தான் வேறு. பதினோரு நாள் கழித்து, அது யாருக்கும் போய்ச் சேருமுன், சேர்த்தவரே எடுத்தும் விட்டிருந்தார். எடுத்ததற்கான குறிப்பில் இரண்டே சொல்: 'பழையபடி வைக்கிறேன்'. பக்கத்தில் பத்தரை சாரின் பெயர்.

அன்று அவள் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. மறுநாள் காலை பத்து இருபதுக்கு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனாள். அவர் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பொய் சொல்லப் போகிறார் என்று அவள் எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

"தெரியும்மா," என்றார். "நேரமாச்சு. கூட வர்றீங்களா? போய்க்கிட்டே சொல்றேன்."

விசையைத் தட்டினார். துணிப்பையை எடுத்துக்கொண்டார். அவளும் அட்டையைத் தேய்த்துவிட்டுக் கூடவே இறங்கினாள். பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். வழியில் அவர் அதிகம் பேசவில்லை. இறங்கி, மரக்கடைக்கும் ஒரு பல் வைத்தியசாலைக்கும் நடுவில் இருந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். நினைவு தப்பியவர்களையும் எழுந்து நடமாட முடியாதவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம். இரண்டாவது மாடியில், ஜன்னலோரம், சக்கர நாற்காலியில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வந்தவர் யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் பையிலிருந்து டப்பாவையும் கரண்டியையும் எடுத்ததும் வாய் தானாகத் திறந்தது.

குழைய மசித்த சாப்பாடு. ஒரு கரண்டி, பிறகு தொண்டையைப் பார்ப்பார். விழுங்கிவிட்டது தெரிந்ததும் அடுத்த கரண்டி. சில சமயம் அந்த அம்மாள் விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பார். அப்போது அவர் தாடையின்கீழ் இரண்டு விரலால் மெல்லத் தடவிக் கொடுப்பார். அவசரமே இல்லை. முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எல்லாவற்றையும் சொன்னார், அவளைப் பார்க்காமல், கரண்டியைப் பார்த்துக்கொண்டே.

பில்ட்டின் குறையைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாராம். ஐந்து வரியைச் சேர்த்து, நாலு நாள் சோதித்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பலாம் என்று இருந்தாராம். அந்த வாரம்தான் மனைவியை இங்கே சேர்க்க வேண்டி வந்தது. சேர்த்த மூன்றாம் நாள் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். நர்ஸ் ஊட்டினால் துப்பிவிடுகிறார், பல்லைக் கடித்துக்கொள்கிறார் என்றார்கள். இவர் வந்து ஊட்டியதும் மனைவி சாப்பிட்டார். காலையும் இரவும் கஞ்சி மாதிரி எதையாவது எப்படியோ உள்ளே அனுப்பிவிடுவார்கள், மதியம் ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் உடம்பு நிற்கும் என்றார் டாக்டர். பழைய மேனேஜரிடம் போய், மதியம் இரண்டரை மணி நேரம் கொடுங்கள், மாலையில் உட்கார்ந்து முடித்துக் கொடுக்கிறேன் என்று கேட்டார். எல்லாருக்கும் ஒரே ரூல் என்று சொல்லிவிட்டார்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்னு நெனச்சேன். இவ இவ்வளவு நாள் இருப்பான்னு யாரும் சொல்லல," என்றார்.

அந்த அம்மாள் அவள் புடவை முனையைப் பிடித்து விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

டப்பாவைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கும்போது, பாதிப் படியில் அவர் நின்றார். "உங்க தம்பி பேரு லிஸ்ட்ல வந்த அன்னைக்கு, சீனியர்னு என்னையும் அந்த மீட்டிங்ல உட்கார வெச்சிருந்தாங்க. இவனோட நம்பர் மட்டும் ஏன் இவ்வளவு கம்மின்னு கேட்டாங்க. எனக்குக் காரணம் தெரியும். வாயைத் திறக்கல."

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"நீங்க எப்படியும் கண்டுபிடிச்சிருவீங்க. அடுத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரிய வேணாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஏதாவது கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். பொறுங்கள், சொல்லாதீர்கள், ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள் என்று ஏதாவது. கேட்டிருந்தால் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐந்து வரியையும் பத்து நாள் தன்னிடமே வைத்திருந்தாள். யாருக்காகத் தயங்குகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கடைசியில் மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை ஐந்து வரியையும் எல்லோருக்கும் அனுப்பினாள். அறிக்கையும் எழுதினாள். மாறாத ஒரு கோப்பை ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதுவதுதான் காரணம் என்று எழுதியவள், அது இரண்டு வருடத்துக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருந்தது என்பதை எழுதவில்லை.

மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். அந்தச் சூட்டோடு சூடாகத் தம்பியைப் பற்றிப் பேசினாள். அவன் எண்ணிக்கை குறைந்ததற்கு இதுதான் காரணம், அவன் பகுதியில் திரும்பத் திரும்ப முயன்று பார்க்க வேண்டியிருக்கும் என்று விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சமயத்தில் எல்லோருக்கும் ஒரே பில்ட்தானே என்றார். பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்த அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்றால் கதவைச் சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

அன்று மாலை தம்பியிடம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு உம்மேல இல்லடா," என்று ஆரம்பித்தாள். அவன் நம்பவில்லை. காட்டு என்றான். நான்கு மாதத்தில் முதல் தடவையாக மடிக்கணினியைத் தானே இழுத்து வைத்துக்கொண்டான். ஐந்து வரியையும் இரண்டு தடவை படித்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஹிஸ்டரியில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்றக்கா. நீ பாக்காம விட்டிருக்க மாட்ட. பாத்து ஒண்ணுமில்லன்னா இப்படி முழிக்க மாட்ட."

சொன்னாள். பெயர், பதினோரு நாள், பஸ், இரண்டாவது மாடி, கரண்டி, தாடையின்கீழ் இரண்டு விரல், படியில் நின்று சொன்னது, எல்லாவற்றையும். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அடுக்களையில் அவள் கணவன் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அசையாமல் நிற்பது தெரிந்தது.

தம்பி மடிக்கணினியை மூடி வைத்தான். "ரெண்டு வருஷமா நான் மக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு, "அந்தம்மாவைப் பத்தி ஏன்க்கா சொன்ன? சொல்லாம இருந்திருந்தா நிம்மதியா அவரைத் திட்டியிருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்லாம பண்ணிட்ட."

ரிப்போர்ட்டில் எழுதினாயா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் தலையை ஆட்டினான். எனக்காக எழுதியிருக்கலாம் என்று அவன் சொல்லவில்லை. சொன்னதுபோலத்தான் இருந்தது.

ஏழு நிமிட பில்ட்டை அலுவலகம் இரண்டு நாள் கொண்டாடியது. மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது: இனி காத்திருப்பு நேரம் என்று ஒன்று கிடையாது, வெளியே போவதெல்லாம் கணக்கில் வரும். கேரம் பலகை சாமான் அறைக்குப் போனது. நல்லதற்குத்தானே செய்தோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவள் இருக்கையிலிருந்து பத்தரை சாரின் முதுகு தெரியும். பத்தரைக்கு விசையைத் தட்டுவார். பத்து முப்பத்தேழுக்கு, முடிந்தது என்று திரையில் பச்சை வந்துவிடும். அவர் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

முதலில் அரை நாள் விடுப்புகளை எடுத்துத் தள்ளினார். நான்கு வாரத்தில் விடுப்பு தீர்ந்தது. புது மேனேஜரிடமும் போய்க் கேட்டார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று இவரும் பழையவரைப் போலவே சொன்னார். பிறகு மாலையில் மட்டும் போய் வந்தார். ஆறு மணிக்குமேல் அந்த அம்மாளுக்குக் கண் சொக்கிவிடும், வாய் திறக்காது. ஆறாவது வாரம் உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது என்று மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள்.

அதற்கு மறுநாள் பத்தரை சார் மேனேஜரின் அறைக்குப் போனார். கதவு அரை மணி நேரம் மூடியிருந்தது. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், அந்தப் பையனின் எண்ணிக்கை குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று எழுத்தில் போட்டு அவன் பெயரைச் சரி செய்யுங்கள் என்று கேட்டாராம். அன்றைக்கே அவரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள். அறிக்கையில் ஏன் மறைத்தாய் என்று கேட்டு அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். தம்பியின் கோப்பில் ஒரு தாளைச் சேர்த்துக் கட்டி வைத்தார்களாம். அவனைத் திரும்பக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் மேசையைக் காலி செய்தபோது அவள் கிட்டே போகவில்லை. போயிருக்கலாம்.

தம்பிக்கு வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. நிரல் எழுத வேண்டியதில்லை. பிரிண்டரில் தாள் சிக்கினால் எடுக்க வேண்டும், பிள்ளைகள் உடைத்த மவுஸை மாற்ற வேண்டும். இதற்கா படித்தாய் என்று அவள் கேட்டபோது, "இங்க நான் செய்யறது உடனே தெரியுதுக்கா," என்றான். பத்தரை சார் உனக்காகப் போய்ப் பேசினார் என்று அவள் சொன்னாள். அவன் பெட்டியின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே, முன்னாடியே பேசியிருக்கணும் என்று மட்டும் சொன்னான். வாரம் ஒரு முறை போன் செய்கிறான். அவளிடம் இரண்டு நிமிடம், அவள் கணவனிடம் இருபது நிமிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த இல்லத்துக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று தெரியாமலேதான் பஸ் ஏறினாள். பத்தரை சார் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். காலையிலேயே வந்துவிடுவாராம். இப்போது அம்மாள் கட்டிலோடு கிடந்தார். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கைகளில் துணியுறை மாட்டியிருந்தார்கள். அவர் அந்த உறைமேல் தன் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். வேலை கிடைத்துப் போய்விட்டதைச் சொன்னாள்.

"என்ன சொன்னான்?"

நல்லதாக ஏதாவது சொல்லிவைக்கலாம் என்று வாயெடுத்தாள். முடியவில்லை. "கோபமாத்தான் இருக்கான்."

"இருக்கட்டும்மா. இருக்கணும்."

நர்ஸ் வந்து, பால்போல எதுவோ நிறைந்த பையைக் கம்பியில் தொங்கவிட்டுக் குழாயோடு பொருத்தினாள். இடம் விடுவதற்காக இருவரும் எழுந்து நடைவழிக்கு வந்து நின்றார்கள். வேலையை முடித்து வெளியே வந்த நர்ஸிடம், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். அது தானாக இறங்கிவிடும், பக்கத்தில் இருக்கத் தேவையில்லை என்றாள் நர்ஸ், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

கிளம்பியபோது அவர் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மழை வரும்போல் இருந்தது. பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை அவர் கூடவே நின்றார். பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். அவர் இல்லத்தின் பக்கம் போகாமல், எதிர்ப் பக்கம், கடைகள் மூடிக் கிடந்த தெருவில், செய்ய வேலையில்லாதவர்போல மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.